பாமினி முதல் ஹியூகோ வரை: ஊவாவில் ஒரு வலைப்பதிவின் பாதை

பிளாகரில் தமிழில் எழுதியவர்களின் பழைய சுட்டிகளை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் மாறுவார், ஊர் மாறும், பொருள் மாறும். பதிவின் முகவரி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளைப் பொறுக்கி முகவரி கட்டுவது பிளாகரின் வழக்கம். தமிழ்த் தலைப்பில் பொறுக்க அதற்கு எதுவும் அகப்படாது. ஆகவே 'பிளாக்-போஸ்ட்' என்று தானே ஒரு பெயரை வைத்து, அடுத்த பதிவுக்கு அதன் வாலில் ஓர் எண்ணைச் சேர்க்கும். பசறைப் பக்கத்துக் காமன் கூத்தைப் பற்றி நான் எழுதியதும், மடுல்சீமையில் ஒரு பிரட்டுக்களத்தைப் பற்றி எழுதியதும் வெறும் எண்களாகத்தான் பல வருடம் கிடந்தன.

ஊவா தோட்டங்களைப் பற்றி நான் எழுதிவரும் அந்தப் பதிவு இப்போது ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. ஜியோசிட்டிஸ், பிளாகர், வேர்ட்பிரஸ், ஜெக்கில் என்று வந்து, 2022இல் ஹியூகோவுக்கு மாறியது. கடைசி மாற்றத்தைச் செய்தபோதுதான் முந்தைய மாற்றங்கள் ஒவ்வொன்றும் என் எழுத்தின்மேல் விட்டுப்போன தழும்புகள் கண்ணில் பட்டன. அவை எனக்கு மட்டும் உரியவை அல்ல. இலங்கையில் தமிழை இணையத்தில் ஏற்றிய ஒரு தலைமுறையின் கோப்புகள் எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன.

எழுத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்வது இந்த மலையில் எப்போதும் தாமதமாகவே நடந்திருக்கிறது. தெளிவத்தை ஜோசப் பதுளைக்கு அருகில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆசிரியராக வேலை செய்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். அறுபதுகளிலேயே பத்திரிகைகளில் எழுதத் தொடங்கிவிட்டார். அவருடைய 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி நூலாக வந்தது 1979இல். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இல். இரண்டையும் வெளியிட்டது பதுளைக்காரரான மு. நித்தியானந்தனின் வைகறை. அந்த இரண்டு நூல்களும் வராமல் போயிருந்தால், அந்தக் கதைகளைத் தேடிப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குத்தான் நாம் போயிருக்க வேண்டும். அந்தக் கட்டுகளின் கதியோ அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு பிரதி மட்டும் உள்ள எழுத்து எப்போது வேண்டுமானாலும் இல்லாமல் போகும் என்ற பயத்தை எங்கள் தலைமுறை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

நான் தட்டச்சு படித்தது பதுளையில். தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளிக்காரர் என்பதை எங்கள் ஆசிரியை முதல் வகுப்பிலேயே பெருமையோடு சொல்லித் தந்தார். அந்தப் பொறியில் 'தே' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'த'. கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரலுக்கும் வரிசை. அச்சகங்களுக்குக் கணினி வந்தபோது பாமினி எழுத்துருவும் இதே முறையைக் கையில் எடுத்துக்கொண்டது. அதனால் தட்டச்சுத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதுளை, பண்டாரவளைக் கடைகளில் உடனே வேலை கிடைத்தது. கல்யாணக் கார்டு, மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம், முப்பத்தோராம் நாள் நினைவுமலர். தொண்ணூறுகளின் கடைசியில் ஊவாவில் கணினித் தமிழ் என்றால் இதுதான், இவை எல்லாம் பாமினிதான்.

பாமினி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அச்சில் இதனால் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் விழுந்தபிறகு தமிழ் தமிழ்தான். இணையத்தில் கதை வேறு. பாமினி இல்லாத கணினியில் என் பக்கத்தைத் திறந்தவருக்குக் கிடைத்தது புரியாத ஆங்கில எழுத்துக் குப்பை. ஜியோசிட்டிஸில் நான் வைத்த முதல் பக்கத்தின் உச்சியில் 'எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருந்தது. அன்றைய தமிழ்ப் பக்கங்கள் பலவற்றிலும் அந்த வரி இருந்தது.

வெளியே இதற்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தவர்கள் பலர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றியது 1995இல். இணையக் குழுக்களில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று வேறு இரண்டைக் கொண்டுவந்தது. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், சாதாரணக் கணினியில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000உம் அதன் லதா எழுத்துருவும் வந்தபிறகுதான். இந்தச் சண்டைகள் எதுவும் எங்கள் கடைக்கு எட்டவில்லை. எங்களுக்கு எட்டியது ஒரே ஒரு பக்கம்: சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி. மேல் பெட்டியில் பாமினியை ஒட்டினால் கீழ்ப் பெட்டியில் யூனிகோடு வரும். அதற்குள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளி, 'கொ'வின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து, வரிசையைத் திருப்பிப் போடும் வேலை நடக்கிறது. பணம் கேட்காமல் அவர் கொடுத்த அந்த ஒரு பக்கம் ஈழத்துத் தமிழ் எழுத்தில் எவ்வளவைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை இன்று வலைப்பதிவு எழுதும் இளைஞர்கள் அறிய வேண்டும். அரசாங்கத் தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற பெயரில், ரெங்கநாதன் விசைப்பலகையோடு, 2008இல் வந்தது. அதற்கு முன்பே மக்கள் மாறிவிட்டிருந்தார்கள்.

தமிழ் வலைப்பதிவுகள் 2003இல் முளைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். எங்கோ மலைமேல் ஒருத்தி எழுதிய பதிவு சில நிமிடங்களில் டொரொண்டோவிலும் சென்னையிலும் தெரியும் என்ற நிலையை அது உண்டாக்கியது. நான் பிளாகருக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். அங்கிருந்து வேர்ட்பிரஸுக்குப் போனது, சொந்தப் பெயரில் ஒரு தளம் வேண்டும் என்ற ஆசையில்.

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை மதித்தது. முகவரியிலும் தமிழையே வைத்தது. ஆனால் முகவரிப் பெயருக்கு அதன் தரவுத்தளம் ஒதுக்கியது 200 இடம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூட்டிஎஃப்-8இல் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். குறியீடு ஒன்றுக்கு ஒன்பது இடம். 'எல்ல' என்ற எங்கள் சின்ன ஊருக்கே புள்ளியையும் சேர்த்து 36 இடம் போய்விடும். 'தெமோதரை தேயிலைத் தோட்டம்' என்று மூன்று சொல் எழுதினால் 200 சரியாக நிரம்பிவிடும். நான்காவது சொல்லுக்கு இடமில்லை. என் பாதித் தலைப்புகள் சொல்லின் நடுவில் முறிந்தபடி முகவரியாகின.

வாடகைக்கு இடம் கொடுத்த ஒரு கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்தியது. தரவுத்தளத்தின் கடைசி மாதங்கள் அதோடு போயின. போனவற்றில் சிலவற்றை, மின்னஞ்சலில் பதிவுகளைப் பெற்றுவந்த வாசகர்கள் திருப்பி அனுப்பினார்கள். எழுத்து என் கையில், சாதாரணக் கோப்பாக இருக்கவேண்டும் என்று அப்போது முடிவெடுத்தேன். ஜெக்கிலுக்கு வந்தது அதனால்.

இந்தக் கருவிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வேர்ட்பிரஸில் எழுத்து ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும், வாசகர் வரும்போதெல்லாம் சேவையகம் அதை எடுத்துப் பக்கமாகக் கட்டித் தரும். ஜெக்கில், ஹியூகோ போன்றவற்றில் பக்கங்கள் நம் மடிக்கணினியிலேயே முன்கூட்டித் தயாராகின்றன. ஒரு பதிவு ஒரு உரைக்கோப்பு. மேலே தேதியும் தலைப்பும், கீழே எழுத்து. கருவியை ஓட்டினால் முழுத் தளமும் கட்டப்பட்டுவிடும். அதை அப்படியே ஏற்றவேண்டியதுதான். இது புதிய யோசனையும் அல்ல. 2001இல் வந்த மூவபிள் டைப் இப்படித்தான் பக்கங்களைக் கட்டி வைத்தது. பிளாகரே தொடக்கத்தில் பக்கங்களைச் செய்து நம் சேவையகத்துக்கு அனுப்பி வைக்கும் வசதியைத் தந்து, 2010இல் அதை நிறுத்தியது. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் எழுத்துமுறை, 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் ரூபி மொழியில் எழுதிய ஜெக்கில், அதே வருடக் கடைசியில் தொடங்கிய கிட்ஹப்பின் இலவசப் பக்கங்கள், இவை மூன்றும் சேர்ந்து பழைய முறைக்கு மறுவாழ்வு கொடுத்தன. ஸ்டீவ் பிரான்சியா கோ மொழியில் ஹியூகோவைக் கொண்டுவந்தது 2013இல்.

ஜெக்கிலை விட்டதற்குக் காரணம் ரூபி. அதன் துணைப்பொதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. கணினியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று முரண்டுபிடிக்கும், மறுபடி இணையத்திலிருந்து இறக்கவேண்டும். எல்ல நகரத்து விடுதிகளில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வேகமான இணையம் உண்டு. 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி அவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு மேலும் கீழும் உள்ள லயங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் எனக்குக் கைத்தொலைபேசிச் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான். பிறகு 2022 வந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மடிக்கணினியின் பட்டரி தீருமுன் எழுதி, கட்டி, ஏற்றி முடிக்கவேண்டும். ஹியூகோ ஒரே ஒரு கோப்பு. பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம், இணையம் வேண்டாம். ஜெக்கில் நிமிடக் கணக்கில் செய்ததை அது நொடிகளில் செய்தது. வசதியானவர்கள் இந்த வேகத்தை ஒரு விருப்பமாகப் பேசுவார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தேவை.

மாற்றம் என்பது கோப்புகளை ஒரு அடைவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது அல்ல. பழைய தழும்புகள் என்று சொன்னேனே, அவற்றை நான் ஒவ்வொன்றாகச் சந்தித்தது இங்கேதான்.

முதலாவது, ஊர்ப்பெயர்கள். பதிவுகளை ஊர்வாரியாகத் தொகுத்தபோது 'கொஸ்லாந்தை' இரண்டு முறை வந்து நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே பார்த்தால் ஒன்றில் 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடு; மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். பின்னது பாமினிக் காலத்துக் கோப்பை ஏதோவொரு மாற்றியில் போட்டு எடுத்ததன் மிச்சம். தட்டச்சுப்பொறியில் கொம்பைத் தனியே அடித்த பழக்கம், நான்கு இடம் மாறி வந்த கோப்புக்குள் அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. கருவிகள் அப்படி எண்ணுவதில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபிறகுதான் கொஸ்லாந்தை ஒன்றானது.

இரண்டாவது, கடிகாரம். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரிலேயே அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில்தான் கொடுத்தது. இடைப்பட்ட வருடங்களில் நாங்கள் இந்தியாவுக்கு அரை மணி முன்னால் இருந்தோம். ஒரு மாதம் பிறந்து பத்து நிமிடத்தில், நள்ளிரவு தாண்டி எழுதிய 2005ஆம் ஆண்டுப் பதிவு, இன்றைய ஐந்தரை மணிக் கணக்கில் போட்டால் முந்தைய மாதத்தின் கடைசி இரவுக்குப் போய்விடுகிறது. பிளாகர் முகவரியில் வருடமும் மாதமும் உண்டு. மாதம் மாறினால் முகவரி மாறும். கொழும்பு நேரவலயத்தைப் பெயர் சொல்லி அமைத்துவிட்டால் இந்த வரலாறு முழுவதும் கருவிக்குத் தெரிந்திருக்கிறது. 'ஐந்தரை' என்று எண்ணை மட்டும் கொடுத்தால் தெரியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலித்தது. 2019இன் இறுதியிலிருந்து ஹியூகோ, உரைக்கு நடுவில் வரும் எச்டிஎம்எல் குறிகளை இயல்பாகவே விட்டுவிடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது, தேவையானால் திறந்துவிடலாம். பிளாகரிலிருந்து வந்த என் பதிவுகளில் வரிமுறிவு ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஒரு குறி. தோட்டத்துப் பெண்கள் பாடித் தந்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில் வரி முறித்துத்தான் நான் எழுதிவைத்திருந்தேன். புதிய தளத்தில் அவை ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு நின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள் என்று இனிப் போய்க் கேட்க முடியாது. கதவைத் திறந்துவிடும் அந்த ஒற்றை அமைப்பை நான் மாற்றவில்லை. அப்படிச் செய்தால் அடுத்த கருவிக்குப் போகும்போதும் இதே ஆபத்து காத்திருக்கும். பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக மார்க்டவுனில் மறுபடி எழுதினேன். அலுப்பான வேலை, ஆனால் அந்தப் பாடல்கள் இப்போது எந்தக் கருவியையும் நம்பியிருக்கவில்லை.

முகவரிகளுக்கு ஹியூகோவில் நல்ல வழி இருக்கிறது. கோப்பின் தலையில் பழைய முகவரிகளை 'அலியாஸ்' என்று வரிசையாக எழுதிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பக்கத்தைச் செய்து, வருகிறவரைப் புதிய இடத்துக்கு அது அனுப்பிவைக்கும். முறிந்த வேர்ட்பிரஸ் முகவரியும், ஜெக்கில் முகவரியும் இப்படி உயிரோடு இருக்கின்றன. பிளாகர் தளம் கூகுளின் பெயரில் இருப்பதால் அதை மூடவில்லை. ஒவ்வொரு பழைய பதிவின் உச்சியிலும் புதிய சுட்டியைப் போட்டிருக்கிறேன். ஜியோசிட்டிஸ் மட்டும் என் கையை மீறியது. 2009 ஒக்டோபர் 26இல் யாகூ அதை மூடிவிட்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் வாசகர்கள் யார் என்று சொல்ல வேண்டும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. ஊவாவிலிருந்து போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டங்களில் மறுபடி கொழுந்தெடுக்கப் போனார்கள். தன் பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, அது பதுளையில் எங்கே என்று தேடி வருகிற பேரப்பிள்ளைகள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள். கூடலூரில் ஒரு பெரியவரின் டைரியில் என் பதிவொன்றின் முகவரியை அவருடைய மகள் கையால் எழுதிவைத்திருந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அது பிளாகர் காலத்து முகவரி, எண்ணோடு முடிவது. டைரியில் எழுதியதை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. அந்த முகவரி திறக்கத்தான் வேண்டும்.

மீரியபெத்தவும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் படம் எல்லாம் மண்ணுக்குள் போனபிறகு, தப்பியவர்கள் சொன்னவற்றை எழுதி ஒரு பதிவில் வைத்தேன். எந்த லயத்தில் எந்தக் காம்பிராவில் யார் இருந்தார்கள் என்ற விபரமும் அதில் உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அந்தப் பக்கத்தைத் தேடி வருகிறார்கள். அதன் முகவரியில் இப்போது இடத்தின் பெயரும் வருடமும் மட்டும், சுருக்கமாக, ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தமிழ் முகவரியே வேண்டும் என்று வாதாடும் நண்பர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைபேசியில் வாயால் சொல்லவும், டைரியில் கையால் எழுதவும் முடிகிற முகவரிதான் எங்கள் ஆட்களுக்குப் பயன்படும்.

ஹியூகோவும் ஒருநாள் போகும். அதற்கு நான் தயார். கோப்புகள் யூட்டிஎஃப்-8இல், சாதாரண உரையாக, மூன்று இடங்களில் இருக்கின்றன. நான்காவது பிரதி, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கி இன்று ஈழத்து எழுத்தின் பெரிய மின்சேகரமாக வளர்ந்திருக்கும் நூலகத்துக்கு.

2003க்கும் 2012க்கும் இடையில் பிளாகரில் எழுதி விட்டுவிட்ட மலையக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடவுச்சொல் நினைவில் இருக்கும்போதே உள்ளே போங்கள். 'அமைப்புகள்' பகுதியில் காப்புப்பிரதியை இறக்கும் வசதி இருக்கிறது. எல்லாப் பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக வரும். வீட்டில் பாமினிக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் மாற்றி வையுங்கள்; கொம்பும் காலும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவி எது என்று பிறகு தேர்ந்துகொள்ளலாம். கோப்பை மட்டும் இந்த வாரம் இறக்கிவிடுங்கள்.